சர்வசமத்தை எங்கிருந்து தொடங்குவது: எதிரொளிப்பிலா, ப-கோ-ப விதியிலா?

தொடுகோடு:
சர்வசம முக்கோணம் என்றதும் ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்), ப-ப-ப (மூன்று பக்கங்களும் சமம்) என்று விதிகளைப் பலகையில் எழுதிவிடுகிறோம். எதிரொளிப்பு, சுழற்சி, இடப்பெயர்ச்சி எல்லாம் வேறொரு பாடமாகி, படம் வரைவதோடு முடிந்துபோகின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டும். மடித்தோ திருப்பியோ நகர்த்தியோ ஓர் உருவத்தை இன்னொன்றின் மேல் அச்சாகப் பொருத்த முடிந்தால் இரண்டும் சர்வசமம். அங்கிருந்தே தொடங்கலாம். அமெரிக்காவில் 2010-ல் வந்த காமன் கோர் என்ற பள்ளிப் பாடத் தரநிலை அப்படித்தான் வரையறுக்கிறது.

இன்னொன்று, எதிரொளிப்பு மட்டுமே போதும். வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால், அவற்றின் இடைக்கோணத்தைப் போல இரு மடங்கு சுழற்சி கிடைக்கும். இணைகோடுகள் என்றால் இடைவெளியைப் போல இரு மடங்கு நகர்வு. தளத்தில் நீளம் மாறாத எந்த உருமாற்றத்தையும் மூன்று எதிரொளிப்புகளுக்குள் செய்துவிடலாம்.

செங்குத்து:
ஏற்க முடியவில்லை. எதிரொளித்தால் நீளம் மாறாது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? புள்ளியிலிருந்து எதிரொளிக்கும் கோட்டுக்குச் செங்குத்து வரைந்து, மறுபக்கம் அதே தூரம் நீட்டி, பிறகு முக்கோணங்களை ஒப்பிட்டுத்தான் நிறுவ வேண்டும். அந்த ஒப்பீடே ப-கோ-ப தான். அடித்தளம் போடாமல் மாடி கட்டச் சொல்கிறீர்கள்.

தொடுகோடு:
ப-கோ-ப எங்கிருந்து வந்தது? யூக்ளிட் முதல் புத்தகத்தின் நாலாவது தேற்றத்தில் ஒரு முக்கோணத்தைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கிறார். அதாவது நகர்த்துகிறார். நகர்த்தலாம் என்று எந்த அடிகோளிலும், அதாவது நிரூபிக்காமல் ஏற்கும் அடிப்படைக் கூற்றிலும், அவர் சொல்லவில்லை. அதனால்தான் ஜெர்மன் கணிதவியலர் ஹில்பர்ட் 1899-ல் ப-கோ-ப-வின் சாரத்தை நிரூபிக்காமல் அடிகோளாகவே வைத்தார். ஏதாவது ஒன்றை நம்பித்தான் தொடங்க வேண்டும் என்றால், அது எதிரொளிப்பாக ஏன் இருக்கக் கூடாது? இன்னொரு ஜெர்மன் கணிதவியலர் ஃப்ரீட்ரிஷ் பாஃக்மன் 1959-ல் எதிரொளிப்பை மட்டும் வைத்து வடிவியலைக் கட்டிக் காட்டியிருக்கிறார்.

சாக்பீஸ்:
நான் பாடம் நடத்துகிறவள். வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். செவ்வகமோ சாய்சதுரமோ அல்லாத ஓர் இணைகரத்தைக் காகிதத்தில் வெட்டிக் கொடுத்து, மூலைவிட்டத்தில் மடித்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டு முக்கோணமும் சமம்தானே, பொருந்திவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மடித்துப் பார்த்தால் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்த மூலைவிட்டத்தின் நடுவில் குண்டூசி குத்தி 180 டிகிரி திருப்பச் சொல்லுங்கள், அச்சாகப் பொருந்தும். ப-ப-ப எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் எந்த முனை எந்த முனைக்குப் போகிறது என்பது அப்போதுதான் பிடிபடுகிறது.

செங்குத்து:
டீச்சர், அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. கண்ணுக்குச் சரி என்று பட்டது தப்பாகிவிட்டது. "மடித்தால் பொருந்தும்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நிரூபணம் முடிந்தது என்று நினைக்கும் மாணவனிடம் எதைத் திருத்துவது? ப-கோ-ப என்றால் சரிபார்க்க மூன்று விஷயங்கள் கையில் இருக்கின்றன.

தொடுகோடு:
எதிரொளிப்பால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு கணக்கு. குறுங்கோண முக்கோணம் ஏபிசி. அதற்குள், பக்கத்துக்கு ஒரு முனை வைத்து வரையும் முக்கோணங்களில் சுற்றளவு மிகக் குறைந்தது எது? இத்தாலியக் கணிதவியலர் ஃபக்னானோ 1775-ல் எழுப்பிய கேள்வி, அவர் நுண்கணிதத்தால் தீர்த்தார். ஹங்கேரியக் கணிதவியலர் ஃபெயேர் எதிரொளிப்பால் தீர்த்த விதத்தைப் பாருங்கள்.

பிசி மேல் டி என்ற புள்ளியை எடுங்கள். அதை ஏபி-யில் எதிரொளித்தால் எக்ஸ், ஏசி-யில் எதிரொளித்தால் ஒய். உள்முக்கோணத்தின் சுற்றளவு எக்ஸிலிருந்து ஒய்க்குப் போகும் முறிகோடாக விரிந்துவிடும். டி-யை அசைக்காமல் வைத்தால், எக்ஸ்ஒய் நேர்கோடாகும்போதுதான் அது மிகக் குறைவு. இனி ஏஎக்ஸ், ஏஒய் இரண்டும் ஏடி-க்குச் சமம். எக்ஸ்ஏஒய் கோணம், டி எங்கிருந்தாலும், ஏ கோணத்தின் இரு மடங்கு. உச்சிக்கோணம் மாறாத இருசமபக்க முக்கோணம் இது. அடி குறைய வேண்டுமானால் பக்கம் குறைய வேண்டும். அந்தப் பக்கம் ஏடி-யின் நீளம்தான், அது மிகக் குறைவது பிசி-க்குச் செங்குத்தாக இருக்கும்போது. ஆகவே ஏடி குத்துக்கோடு. மற்ற இரண்டு முனைகளுக்கும் இதே வாதம்தான், விடை குத்துக்கோட்டு அடிகள் மூன்றும் சேர்ந்த முக்கோணம். இதை விட அழகான நிரூபணத்தைப் பள்ளி வடிவியலில் நான் பார்த்ததில்லை.

செங்குத்து:
அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குறுங்கோணம் என்ற நிபந்தனையை எங்கே பயன்படுத்தினீர்கள்? உங்கள் பதிவில் அது முதல் வரியோடு காணாமல் போய்விட்டது. படம் சரியாக விழுந்ததால் கேட்கத் தோன்றவில்லை. நான் பயப்படுவது இதற்குத்தான்.

சாக்பீஸ்:
நல்ல கேள்வி. ஏ 90 டிகிரியைத் தாண்டினால் அதன் இரு மடங்கு 180-ஐத் தாண்டும். எக்ஸ்ஒய் கோடு முக்கோணத்துக்கு வெளியே போய்விடும், ஏபி-யையும் ஏசி-யையும் பக்கங்களுக்குள் வெட்டாது. அப்போது மிகக் குறுகிய வழி ஏ முனையைத் தொட்டுத் திரும்புவதுதான். உள்முக்கோணம் சப்பையாகி, ஏ-யிலிருந்து வரையும் குத்துக்கோட்டில் போய்த் திரும்பும் கோடாகிவிடும். பி-யும் சி-யும் குறுங்கோணம் என்பதும் தேவை, இல்லாவிட்டால் குத்துக்கோட்டின் அடி பிசி-க்குள் விழாது. இதையெல்லாம் காகிதத்தை மடித்தே பார்த்துவிடலாம்.

செங்குத்து:
பார்க்கலாம் டீச்சர். ஆனால் ஏஎக்ஸ், ஏடி சமம் என்று எழுதும் இடத்தில் மாணவன் காரணம் கேட்டால், நான் ப-கோ-ப என்றுதான் சொல்வேன். அதற்கு முன்னால் அந்த விதி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.