தேரி மணலின் சிவப்புக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

கேள்வி:
திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு என்னும் செம்மணல் மேட்டுப் பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வருணனைக் கட்டுரை எழுதிவருகிறேன். மணலின் நிறத்தை ‘கிரிம்சன்’ என்பதா, ‘ஸ்கார்லெட்’ என்பதா?

பதில் 1:
இரண்டும் வேண்டாம், தம்பி. கிரிம்சன் சற்றே நீலம் கலந்த அடர்சிவப்பு. ஸ்கார்லெட்டோ ஆரஞ்சை நோக்கிச் சாயும் பளிச்சென்ற சிவப்பு. தேரிக்கு நிறம் கொடுப்பது மணல்துகள்களின்மேல் படிந்திருக்கும் ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு என்பதால், ‘ரஸ்ட்’, ‘பிரிக் ரெட்’ போன்ற, பழுப்பு கலந்த சிவப்பைக் குறிக்கும் சொற்களே பொருந்தும்.

பதில் 2:
அண்ணாச்சி சொல்வது சரியே. ஆயினும் மழையில் நனைந்த மணல் இருண்டு ‘மெரூன்’ நிறத்தை நெருங்குவதையும் கவனியுங்கள். ஒரு பத்திக்கு ஒரு நிறச்சொல் போதும். ‘பிளட் ரெட்’ மட்டும் வேண்டவே வேண்டாம். எல்லோரும் எழுதித் தேய்த்துவிட்டார்கள்.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் வேட்டியின் ஓரத்தில் ஏறிய செம்புழுதிக்கு ‘ரஸ்ட்’ என்றே எழுதிவிடுகிறேன், அண்ணாச்சி.