எஸ்விஜி மட்டும் போதுமா, ரூட்டில் ஐகோ வேண்டாமா?

கரிசல்காரன்:
உலாவியின் தாவலில் தெரியும் ஃபேவிகான் என்ற குட்டிச் சின்னத்தைப் பற்றி நேற்று மேகலை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "ஐகோ என்ற பழைய படக் கோப்பின் காலம் முடிந்துவிட்டது, பக்கத்தின் நிரலில் மேலே வரும் ஹெட் பகுதியில், கோடுகளாக வரையப்படும் எஸ்விஜி படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஒரு லிங்க் வரி போதும்" என்று புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 தொடங்கிவைத்த வழக்கம் இது: தளத்தின் ரூட்டில், அதாவது முதன்மைக் கோப்புறையில், ஃபேவிகான்.ஐகோ இருக்கிறதா என்று உலாவி தானாகவே போய்க் கேட்கும். அங்கே கோப்பை வைக்காதவர் தளம் நடத்தத் தெரியாதவர்.

மேகலை:
ஐயா, லிங்க் வரி இல்லாதபோது ரூட்டில் தேடலாம் என்றுதான் சொல்கிறது, இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் விதி. வரியை எழுதிவிட்ட பிறகு அந்தத் தேடலுக்கு என்ன வேலை? ஃபயர்பாக்ஸ் 41, குரோம் 80 பதிப்புகள் முதலே எஸ்விஜி ஃபேவிகான் இருக்கிறது. பெரிதாக்கினாலும் மங்காது. இருண்ட திரைக்கு வேறு நிறம் கொடுக்கலாம். உங்கள் ஐகோவுக்கு அது முடியுமா?

கரிசல்காரன்:
நிறத்தை யார் கேட்டார்கள்? உங்கள் தளத்தில் பழைய இதழ்களைப் பிடிஎஃப் கோப்புகளாக அடுக்கியிருக்கிறீர்கள். அதில் ஒன்றை வாசகர் நேரடியாகத் திறக்கிறார். பிடிஎஃபில் ஹெட் பகுதி எங்கே இருக்கிறது? லிங்க் வரியை எங்கே எழுதினீர்கள்? உலாவி ரூட்டுக்குத்தான் போகும். அங்கே ஒன்றும் இல்லை, கோப்பு இல்லை என்ற 404 பிழைதான் வரும். சர்வர் பதிவைத் திறந்து பாருங்கள்.

நெய்தல்:
404 வந்தால் குடியா முழுகிவிடும்? உங்கள் இருவர் தளத்திலும் தாவலில் தெரிவது ஒரு கறுப்புக் கறை. அதைப் பேச ஆளில்லை. 16க்கு 16 பிக்சல் கட்டத்துக்குள் "ஞா"வை அடைத்தால் சுழி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நேர்கோட்டு எழுத்தாக "ப" அல்லது "ட" வையுங்கள், பளிச்சென்று தெரியும்.

மேகலை:
என் தளத்தில் இருப்பது "ழ". அது எங்கள் இதழின் அடையாளம். உங்கள் வசதிக்காக மாற்ற மாட்டேன். போன பொங்கல் மலரின் முகப்பையும் இப்படித்தான் குறை சொன்னீர்கள், மறக்கவில்லை.

நெய்தல்:
அந்த முகப்பில் தலைப்பே படிக்க முடியவில்லை. இன்றைக்கும் அதையே சொல்வேன்.

கரிசல்காரன்:
முகப்புச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஐகோவுக்குள் 16, 32, 48 என்று மூன்று படங்களை வைக்கலாம். சின்ன அளவுக்குக் கோட்டைத் தடிப்பாக்கி, சுழியைத் திறந்து தனியாக வரையலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அந்த "ழ"வைக் காப்பாற்றக்கூட ஐகோதான் வேண்டும். ரூட்டில் வேண்டும்.

தும்பை:
ஒரு சந்தேகம். படத்தை மாற்றிவிட்டேன், ஆனால் தாவலில் பழையதே வருகிறது. என்ன செய்வது?

மேகலை:
உலாவி பழைய படத்தைச் சேமித்து வைத்திருக்கும். லிங்க் வரியில் கோப்புப் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒரு பதிப்பு எண் சேருங்கள், புதியதை எடுத்துக்கொள்ளும். இதற்கும் லிங்க் வரிதான் உதவுகிறது என்பதைக் கரிசல்காரன் கவனிக்கட்டும்.

கரிசல்காரன்:
லிங்க் வரி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? காட்டுங்கள். ஐபோன் முகப்புத் திரைக்கு 180 பிக்சல் பிஎன்ஜி படத்துக்குத் தனி வரி எழுதுகிறவன் நான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: பிடிஎஃபைத் திறந்தால்?

மேகலை:
பிடிஎஃபைத் திறப்பவர் கட்டுரை படிக்க வருகிறார், தாவலைப் பார்க்க அல்ல.

கரிசல்காரன்:
இருபது தாவல்களுக்கு நடுவே அந்தக் கட்டுரையை எப்படித் தேடி எடுப்பார்? தலைப்பே தெரியாத அளவுக்குத் தாவல் குறுகிவிடும், சின்னம் ஒன்றுதான் மிஞ்சும். பதில் சொல்லுங்கள்.

நெய்தல்:
மிஞ்சுவது "ஞா"வாக இருந்தால் தேடவே முடியாது.

கரிசல்காரன்:
உங்களைக் கேட்கவில்லை. மேகலை, ரூட்டில் ஐகோ வைப்பீர்களா, மாட்டீர்களா?

மேகலை:
மாட்டேன்.