புரமோஷனுக்கு அப்பறம் வேலை மேல பிடிப்பு இருக்கா? உங்க அனுபவத்த சொல்லுங்க

திருத்துறைப்பூண்டிக்காரன்:
நான் கிளார்க்கா இருந்த பிராஞ்சுக்கே மேனேஜரா வந்தது 2023-ல, மேட்டூர ஜூன் 12 தொறந்தும் கடைமடைக்குத் தண்ணி வராம குறுவை கருகுன வருஷம். நகைக்கடன் ஏல நோட்டீஸ் பூரா என் கையெழுத்துலதான் போச்சு. முன்னாடி நான் சலான் எழுதிக் குடுத்த பெரியவர் ஒருத்தர் அந்த நோட்டீஸ மேசைல விரிச்சு வச்சு "இது நீ போட்ட கையெழுத்தாய்யா"ன்னாரு. ஆமாங்கய்யான்னேன். ஒண்ணும் பேசல, மடிச்சு மடில சொருகிட்டுப் போயிட்டாரு. சம்பளம் கூடுச்சு, வீட்ல சந்தோஷம், ஆனா காலைல பிராஞ்சுக்குக் கெளம்பறப்பவே மனசு கனக்குது.

குடவாசல் டீச்சர்:
எச்.எம். ஆனதுலேர்ந்து பள்ளிக்கூட விவரமெல்லாம் எமிஸ் வெப்சைட்ல ஏத்தறது, மீட்டிங், சத்துணவுக் கணக்குன்னு பொழுது போயிடுது. ஒருநாள் சர்க்குலரோட பத்தாம் வகுப்பு வாசல்ல நிக்கறேன், உள்ள புது சார் தேல்ஸ் தேற்றம் நடத்தறாரு, பின் பெஞ்சுல ஒரு பொண்ணு புரியாம முழிக்குது, எனக்குக் கை பரபரங்குது. கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன்.

வேதாரண்யம் லைன்மேன்:
இப்ப லைன் இன்ஸ்பெக்டர். கம்பம் ஏறுன காலத்துல எனக்குப் பயமே கெடையாது. 2018 கஜாவுக்கு அப்பறம் ஊரெல்லாம் கம்பம் நட்டோமே, அப்பதான், எல்.சி. (லைன்ல கரண்ட் நிறுத்தியாச்சுங்கற அனுமதி) வாங்கி பையன மேல ஏத்திட்டு நான் கீழ நிக்கறேன், திடீர்னு அவன் அசையல. எனக்கு மூச்சே நின்னுபோச்சு. பெல்ட்ட சரி பண்ணிக்கிட்டிருந்திருக்கான்.

கும்பகோணத்துலேர்ந்து:
பேங்க் சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒத்துக்க முடியல. ஏலத்த முடிவு பண்றது பேங்க் விதி, நீங்க இல்ல. நானும் மேனேஜராகி மொத வருஷம் ஜோரா இருந்தேன், அப்பறம் தூக்கம் போச்சு. ஆஸ்திரேலியாவுல 2013-ல வெளியான ஆய்வு ஒண்ணுலயும் இதான் இருக்கு, புரமோஷன் வந்த புதுசுல வேலைத் திருப்தி கூடுது, ரெண்டு வருஷத்துல மனநலம் சரியுது. அதனால இப்பவே பாத்துக்கங்க. சாயங்காலம் ஆபீஸ் ஃபோன வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போவாதீங்க. நோட்டீஸ் போறதுக்கு முந்தி நீங்களே கஸ்டமருக்குப் பேசுங்க, வட்டிய கட்டி மாத்தி வைக்க வழி இருந்தா சொல்லுங்க. டீச்சர், எச்.எம். பாடம் எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல, ஒரு பீரியட கேட்டு வாங்கிக்கங்க. லைன்மேன் அண்ணே, உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

திருத்துறைப்பூண்டிக்காரன்:
பேசாம இருப்பனாங்க? கணக்குல இருந்தது அந்தப் பெரியவரோட பையன் நம்பரு. அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான், எத்தன தடவ அடிச்சும் எடுக்கல.