புதுப்பிப்பு: அம்மாவின் வயிற்று ஸ்கேன் ஒருவழியாக முடிந்தது

வெறும் வயிற்றோடு வா என்கிறார்கள், தண்ணீர் நிறையக் குடி என்றும் சொல்கிறார்கள், எதைக் கேட்பது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். இரண்டுமே சரிதான். பித்தப்பை பார்க்க வெறும் வயிறு. கர்ப்பப்பை பார்க்க சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும்.

முதல் நாள் வீண். எட்டு மணி நேரம் பட்டினி கிடந்த அம்மா, கிளம்பும்போது "காபிதானே" என்று அரை டம்ளர் குடித்துவிட்டார். பால் உள்ளே போனால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் சொதப்பியது நான். நெல்லிக்குப்பத்தில் வீட்டிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டேன். மஞ்சக்குப்பம் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அங்கே போனால் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர்! "பாதி மட்டும் போயிட்டு வரலாமான்னு கேளுடா" என்றார் பாவம். டோக்கன் வாங்கி, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் குடித்திருக்கலாம்.

பித்தப்பையில் சின்னதாக ஒரு கல். டாக்டரைச் செவ்வாய்க்கிழமை பார்க்கிறோம். வெளியே வந்ததும் அம்மா தேடியது கழிவறை, அப்புறம் காபி.