வெளியான வாரமே கேம் வாங்கினால் போட்ட காசு தேறுமா?

கோவை_பேட் (கேள்வி):
வீட்டில் டிஸ்க் போடும் பிஎஸ்5 இருக்கிறது, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசியும் இருக்கிறது. பிஎஸ்5-க்குப் பெரிய கேம் என்றால் 4,999 ரூபாய், அதே ரகம் பிசி கேம் விற்கும் ஸ்டீம் கடையில் 3,000-ஐ ஒட்டி வருகிறது. வருஷத்துக்குப் பத்தாயிரம்தான் இதற்கு ஒதுக்க முடியும். 100 மணி நேரம் ஓடும் கேம்தான் லாபம் என்று பலர் சொல்கிறார்கள். அப்படித்தான் கணக்குப் போட வேண்டுமா? ஆடுவது இரண்டு பேர், ஒரு பிரதி போதுமா?

சேவ்பாயின்ட்:
மணிக்கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். மேப் முழுக்கப் புள்ளி புள்ளியாகப் பெட்டி வைத்து, ஒவ்வொன்றையும் ஓடிப்போய்த் திறக்கச் சொன்னால் எந்த கேமும் 100 மணி நேரம் ஓடும். 'ஹவ் லாங் டு பீட்' தளத்தில் பார்ப்பதானால் முதன்மைக் கதைக்கான நேரத்தை மட்டும் பாருங்கள். எல்லாவற்றையும் முடிக்க ஆகும் நேரம் அநேகம் பேருக்குத் தேவைப்படாது.

விலை ஏறிவிட்டது என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்காவில் 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பெரிய கேம் 60 டாலர். 70 ஆனது 2020-ல்தான். 2025-ல் மாரியோ கார்ட் வேர்ல்ட் 80-ஐத் தொட்டது. இருபது வருஷத்தில் மற்ற பொருட்கள் ஏறியதைப் பார்த்தால் இது பெரிய ஏற்றம் இல்லை. மாறியது வேறொன்று: முதல் நாள் முழு விலை கொடுப்பவருக்குத்தான் இருப்பதிலேயே மோசமான பதிப்பு கிடைக்கிறது. சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பர் 10. எட்டே நாளில் சோனி அதைத் தன் கடையிலிருந்து தூக்கியது. சண்டை, போலீஸ், ஆட்டக்காரரின் திறன்களை வளர்க்கும் பட்டியல் எல்லாம் உருப்படியாக மாறிய 2.0 பேட்ச் (திருத்தப் பதிப்பு) வந்தது 2023 செப்டம்பரில். அதற்குள் விலை பலமுறை இறங்கிவிட்டது. ஒற்றையாள் கதை கேம் எங்கும் ஓடிவிடாது, ஆறு மாதம் பொறுக்கலாம்.

ஃபிரேம்_ராஜா:
பிசியில் வாங்குவதானால் ஸ்டீமின் இரண்டு மணி நேர விதிதான் உங்கள் கேடயம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். பலர் இதை வீணாக்குவது ஷேடர் கம்பைலில், அதாவது படம் வரையும் நிரல்களை உங்கள் கார்டுக்கேற்பத் தயார் செய்வதில். முதல் தடவை திறந்ததும் 'ஷேடர் தயாராகிறது' என்று ஓடுகிறதே, அதுவும் ஆடிய நேரத்தில் சேரும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' பிசிக்கு 2023 மார்ச்சில் வந்தபோது பலருக்கு அதிலேயே பெரும்பங்கு போய்விட்டது.

அதனால் வாங்கும் முன்பே கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்துவிடுங்கள். கேமை ஹார்ட் டிஸ்க்கில் போடாமல் எஸ்எஸ்டி-யில் போடுங்கள். உள்ளே போனதும் கதை வீடியோக்களைத் தாண்டிவிட்டு, முதல் ஊரோ திறந்தவெளியோ வரும் இடத்துக்கு நேராகப் போங்கள். தொடக்கக் குகையில் எல்லா கேமும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். வேகத்தைத் திரையில் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் சராசரி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை படம்) பார்க்காதீர்கள், மிக மெதுவாக ஓடும் தருணங்களைக் காட்டும் 1% லோ-வைப் பாருங்கள். சராசரி 70 காட்டி 1% லோ 25-க்கு விழுந்தால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் இடறும்.

உங்கள் 4060-ல் 8 ஜிபி நினைவகம்தான். டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) உச்ச தரமான அல்ட்ராவில் வைத்தால் புது கேம்கள் பலவற்றில் அது நிரம்பித் திக்கும். முதலில் டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்கிப் பாருங்கள். அப்படியும் இடறினால் கேமின் கோளாறு, செட்டிங்ஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். 90 நிமிஷத்தில் முடிவெடுத்து ரீஃபண்ட் போடுங்கள்.

இன்னொன்று: வாங்கிய மறுநாளே தள்ளுபடி வந்துவிட்டால், ரீஃபண்ட் வாங்கிக்கொண்டு குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அதைத் தவறாகக் கருதுவதில்லை என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது.

டிஸ்க்_தாத்தா:
பிஎஸ்5-ல் அந்தக் கேடயம் கிடையாது தம்பி. பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோட் ஆரம்பித்துவிட்டாலே, கேம் பழுதாக இருந்தாலொழிய பணம் திரும்பாது. முன்பதிவு செய்தால் தானாக இறங்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

ஆனால் டிஸ்க் வாங்கினால் கணக்கே வேறு. 4,999-க்கு வாங்கி, மூன்று வாரத்தில் முடித்து, 3,800-க்குக் கைமாற்றினால் உங்களுக்கு ஆன செலவு 1,199. அதே டிஸ்க் அலமாரியில் ஆறு மாதம் தூங்கினால், அதற்குள் புது டிஸ்க்கின் விலையே இறங்கியிருக்கும், உங்களுடையதை யார் 3,800-க்குக் கேட்பார்கள்? முதல் நாள் டிஸ்க் வாங்குபவன் சீக்கிரம் முடிப்பவனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டீலக்ஸ் எடிஷன் வேண்டாம். கூடுதல் பணம் கொடுப்பது உள்ளே இருக்கும் ரகசியக் குறியீட்டுக்கு (code), அது ஒருமுறை போட்டால் உங்கள் அக்கவுண்டில் ஒட்டிக்கொள்ளும், கைமாற்றும்போது காசு தராது. துபாயிலிருந்து வந்த டிஸ்க் மலிவாகக் கிடைத்தால், பிற்பாடு டிஎல்சி (தனியாக விற்கும் கூடுதல் பகுதி) வாங்கும் எண்ணம் உண்டா என்று யோசியுங்கள். டிஸ்க்கின் ரீஜனும் (எந்த நாட்டுப் பகுதிக்கானது என்பது) கடையின் ரீஜனும் பொருந்தாவிட்டால் டிஎல்சி சேராமல் போகலாம். இரண்டு பேர் ஆட டிஸ்க் ஒன்றே போதும், அதே கன்சோலில் எந்த அக்கவுண்டிலும் ஓடும்.

கோவை_பேட்:
நன்றி தாத்தா. டெலிகிராமில் சில நூறு ரூபாய்க்கு ஸ்டீம் அக்கவுண்ட் தருகிறார்களே, ஆஃப்லைன் மோடில் ஆடிக்கொள்ளலாம் என்று? அது எப்படி?

ஃபிரேம்_ராஜா:
வேண்டாம். ஒரே அக்கவுண்டைப் பல பேருக்கு விற்பார்கள். டெனுவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டுள்ள கேமில் ஒரு நாளைக்கு இத்தனை கணினிதான் என்று வரம்பு இருக்கும், நீங்கள் திறக்கும்போது தீர்ந்திருக்கும். பேட்ச் வந்தால் மறுபடி ஆன்லைன் போக வேண்டும், அதற்குள் பாஸ்வேர்ட் மாறியிருக்கும்.

அதற்குப் பதில் வாங்கிய கேம்களை வீட்டாரோடு பகிரும் ஸ்டீம் ஃபேமிலி போடுங்கள். ஒரே வீட்டில் ஆறு பேர் வரை சேரலாம், காசு கிடையாது. உங்கள் தொகுப்பில் ஆளுக்கொரு கேம் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒரே கேமை இருவரும் சேர்ந்து ஆடத்தான் இரண்டு பிரதி வேண்டும். நண்பனைச் சேர்த்துவிட்டு நீக்கினால் அந்த இடம் ஒரு வருஷம் காலியாகவே கிடக்கும். உங்கள் பிரதியில் அவன் ஆன்லைனில் ஏமாற்றி ஆடி மாட்டினால் தடை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

லாபி_வாசி:
சேவ்பாயின்ட் சொன்ன 'பொறுத்திரு' ஆன்லைன் கேமுக்குப் பொருந்தாது. கூட்டம் இருக்கும்போது ஆடவேண்டும், இல்லாவிட்டால் வாங்கவே கூடாது. 2024 ஆகஸ்ட் 23-ல் 40 டாலருக்கு வந்த கான்கார்ட் என்ற ஆன்லைன் கேம் செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. அதிலாவது பணத்தைத் திருப்பித் தந்தார்கள். 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-ல் அணைத்தபோது, பல வருஷம் முன்பு டிஸ்க் வாங்கியவர்கள் கையிலும் ஓடாத தட்டுதான் மிஞ்சியது. எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று அட்டையில் இருந்தால் அதை வாடகை என்றே நினைத்துக் காசு கொடுங்கள்.

முதல் நாளே வாங்க ஆசையென்றால் விலை குறைந்தவற்றைப் பாருங்கள். ஹாலோ நைட்: சில்க்சாங் 2025-ல் 20 டாலருக்கு வந்தது, கிளேர் அப்ஸ்கியூர் 50-க்கு. உங்கள் பத்தாயிரத்தில் ஒரு டிஸ்க் வாங்கி விற்றுவிட்டு, மீதியை இப்படிச் சின்ன கேம்களுக்கும் டிசம்பர் ஸ்டீம் சேலுக்கும் வையுங்கள்.