குளத்து நிழல் பாவைக்கூத்து: உருவம் மங்குகிறது, நஞ்சை எப்படிக் காட்டுவது?

கரைமேடு (கேள்வி):
8 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 30 பேர். பழைய அட்டைப் பெட்டிகளில் அவர்களே பாவை வெட்டி, குளத்தின் உணவுச் சங்கிலியைப் பத்து நிமிடக் கூத்தாகக் காட்டப்போகிறார்கள். ஒத்திகையில் நிழல் இரட்டையாக விழுகிறது, கண்ணுக்குப் போட்ட ஓட்டை தெரியவே இல்லை. பூச்சிக்கொல்லி தண்ணீரில் கலப்பதும் கதையில் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது? அதே கூத்து மாலையில் பெரியவர்களுக்கும் உண்டு.

நிழல்வேலை:
கோளாறு விளக்கில். பல எல்இடிகள் பதித்த விளக்கில் ஒவ்வொரு எல்இடியும் தனி நிழல் போடும். பால்வெள்ளை மூடி உள்ள பல்பு அகலமானது, அதனால் ஓரம் மங்கும். மங்கும் அளவு = விளக்கின் அகலம் × (பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரம் ÷ விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரம்). 6 செ.மீ. பல்பு, பாவையிலிருந்து 150 செ.மீ.; பாவை திரையிலிருந்து 30 செ.மீ. என்றால் ஓரம் 12 மி.மீ. மங்கும். 5 மி.மீ. கண் அதில் காணாமல்போகும். 1 செ.மீ. அகல ஒற்றை எல்இடிக்கு அதுவே 2 மி.மீ.தான். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் இன்னும் தெளிவு. பிள்ளைகள் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். திரையிலிருந்து ஒரு சாண் தள்ளித் தரையில் கோடு போட்டுவிடுங்கள், கோட்டைத் தாண்டிப் பாவை பின்னால் வரக்கூடாது.

நெளி அட்டை வேண்டாம். சிறு கைகளால் வெட்டும்போது ஓரம் பிசிறும். மெல்லிய பெட்டி அட்டை போதும். அசையும் மூட்டுக்குத் தடித்த நூலை இருபுறமும் முடிச்சிடுங்கள், இறுக்கினால் அசையாது. ஒரு பாவைக்கு ஒரு மூட்டுக்கு மேல் இந்த வயதில் சமாளிக்க மாட்டார்கள்.

தட்டான்:
நஞ்சுக்கு ஒளிப்புள்ளிகளைப் பயன்படுத்தலாம். பூச்சிக்கு 1 ஓட்டை. மூன்று பூச்சியைத் தின்ற சின்ன மீனுக்கு 3, மூன்று சின்ன மீனைத் தின்ற பெரிய மீனுக்கு 9, நீர்க்காகத்துக்கு 27. மெல்லிய தாளில் சிவப்பு நீர்வண்ணம் பூசி, காய்ந்தபின் சமையல் எண்ணெய் தடவி, ஓட்டைகளின் மேல் ஒட்டினால் ஒளி சிவப்பாக ஊடுருவும். எண்ணெய்த் தாள் எளிதில் தீப்பற்றும், ஆகவே சுடர் விளக்கு அருகே கூடாது. முதலில் ஓட்டைகளை ஓர் அட்டை மடலால் மூடி வையுங்கள். இரையைத் தின்றதும் நூலை இழுத்துத் திறக்கலாம். ஓட்டைகளுக்கிடையே 5 மி.மீ.யாவது விடாவிட்டால் அட்டை கிழியும். மினுமினுப்புத் தூள் ஒட்டாதீர்கள். அது பிளாஸ்டிக் துகள், குளத்துக்கான கூத்தில் அதைக் கொட்டுவது வேடிக்கை.

நஞ்சு உடம்புக்குள் தானாகப் பெருகுவதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். 'கொழுப்பில் தங்கிவிடும், எளிதில் வெளியேறாது. அதனால் தின்பவருக்குச் சேர்ந்துகொண்டே போகும்' என்று கதைசொல்லி ஒரு வரி சொல்லியாக வேண்டும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி இப்படித்தான் மேலேறி, மீன் தின்னும் பறவைகளின் முட்டையோட்டை மெலியவைத்தது.

பாசிப்பச்சை:
தட்டான் சொன்னது டிடிடி போன்றவற்றுக்குச் சரி. எல்லாப் பூச்சிக்கொல்லியும் அப்படிச் சேராது. சாக்கடைக்கும் உரத்துக்கும் அதே புள்ளிகளைப் போட்டால் பாடமே தப்பாகிவிடும். அங்கே நடப்பது வேறு: பாசி செழிக்கிறது, மடிகிறது, அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்க்கின்றன, விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. பச்சை எண்ணெய்த் தாள்களை ஒவ்வொன்றாகத் திரையின் மேல்பாதியில் சேர்த்துக்கொண்டே போங்கள், அங்கே இருள் கூடும். நான்கு தாளுக்கு மேல் வைத்தால் மீனும் தெரியாது.

மேடையோரம்:
பெரியவர்களுக்கு முடிவு வரை ஆடிக்காட்டாதீர்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த மன்ற நாடக முறை இங்கே பொருந்தும். குப்பை கொட்ட வந்த வண்டி குளக்கரையில் நிற்கும் காட்சியைக் கதையில் சேர்த்து, அந்த இடத்தில் நிறுத்தி, பார்ப்பவர் ஒருவரை வந்து ஒரு பாவையைப் பிடித்துக் கதையை மாற்றச் சொல்லுங்கள். 'குளத்தைச் சுத்தமாக வைக்கலாமா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், அத்தோடு சரி. 'வண்டிக்காரர் வேறெங்கே கொட்டுவார்?' என்று கேளுங்கள். மௌனம் நீண்டாலும் நீங்கள் விடை சொல்லிவிடக் கூடாது. வண்டிக்காரரை வில்லனாக வெட்டியிருந்தால் யாரும் அந்தப் பாவையைத் தொட மாட்டார்கள், சாதாரண முகமே கொடுங்கள்.

பலன் தெரிய, கூத்துக்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் பிள்ளைகளைக் குளம் வரையச் சொல்லி, எது எதைத் தின்கிறது என்ற அம்புகளை மட்டும் எண்ணுங்கள். படத்தின் அழகுக்கு மதிப்பெண் போட்டால் அடுத்த முறை எல்லோரும் தாமரைதான் வரைவார்கள்.