புதுப்பிப்பு: தோல் ஷூவும் மலையேற்ற பூட்டும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின்

வெல்ட் தையலிட்ட (விளிம்பில் ஓடும் ஒரு பட்டை வழியாக மேல்தோலோடு அடியைத் தைத்த) தோல் ஷூ, மலையேற்ற பூட் ஆகிய இரண்டில் எது நீண்ட நாள் உழைக்கும் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலோர் பூட் என்றே சொன்னீர்கள், நானும் அதையே நம்பினேன்.

சென்ற மாதம் கொடைக்கானல் மலைப்பாதையில், அலமாரியில் இரண்டாண்டு உறங்கிய அந்த பூட்டின் அடிப்பாகம் பிண்ணாக்கைப் போல உதிர்ந்து கையோடு வந்துவிட்டது. தரையில் படும் அடிக்கு மேலே, இடையடுக்கில் உள்ள பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையைக் காற்றின் ஈரப்பதமே மெல்ல மெல்லச் சிதைக்கிறது என்பதும், வெப்பமும் புழுக்கமும் அதை விரைவுபடுத்துகின்றன என்பதும், அணியாமல் பாதுகாத்து வைப்பதால் அது நின்றுவிடாது என்பதும் அதன் பிறகே எனக்குத் தெரிந்தன. இடையடுக்கில் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக் நுரையான ஈ.வி.ஏ.வுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆனால் அது நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும்.

தோல் ஷூவோ முதல் மாதம் குதிகாலைக் கடித்துப் பாடாய்ப் படுத்தியது. உள்ளே இருக்கும் தக்கை பாதத்தின் வடிவுக்குப் படிந்த பின் அந்தத் தொல்லை இல்லை. தேய்ந்த அடியைத் தையல் பிரித்து ஒருமுறை மாற்றியாயிற்று, மேல்தோலுக்குச் சேதமில்லை. எனினும், சுமையோடு ஈரப்பாறையில் இறங்கும்போது கணுக்காலுக்கு பூட் தந்த பிடிப்பை இந்த ஷூ தருவதில்லை. ஆகவே அடுத்ததாகவும் பூட்தான் வாங்கப்போகிறேன், அடி மாற்றக்கூடியதா என்று கேட்டுவிட்டு.